கடைசி பஸ்ஸைக் கேட்டுவிட்டு நட

வலப்பனை

அன்பு மருமகளுக்கு,

நேற்று உன் அம்மா போன் எடுத்து, "ஒம் மருமக மலைமலையா நடக்கப் போறாளாம், நீயே என்னன்னு கேளு" என்று என்னைத்தான் ஏசினாள். எனக்கென்னவோ சந்தோஷம். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, தலைமன்னாரில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தவர்களின் பேத்தி நீ. 2023இல், அவர்கள் வந்து இருநூறு வருடமான நினைவாக அதே வழியை நம் ஆட்கள் மறுபடி நடந்தார்கள். ஜூலை கடைசியில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல்தான் மாத்தளை சேர்ந்தார்கள்.

நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற, 300 கிலோமீட்டருக்கு மேலான பெக்கோ நடைபாதையின் 22 கட்டமும் டிசம்பர் லீவில் ஒரே மூச்சில்! முதலில் அந்த டிசம்பரை வெட்டு.

இந்த மலைக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேற்கு மழை. எங்கள் வலப்பனை, ராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை. 2007 ஜனவரியில் இங்கே மண் சரிந்து ஆட்கள் செத்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் செய்ததை நீயே டிவியில் பார்த்தாய். கலண்டரைப் பார்ப்பதைவிட தேயிலையைப் பார். ஹட்டன் பக்கத்து டிம்புள்ள தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை மணக்கும், உடப்புசல்லாவைத் தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரை. காய்ந்த காற்று அடித்தால்தான் கொழுந்தில் அந்த வாசம் ஏறும். எந்தப் பக்கம் தேயிலை மணக்கிறதோ அந்தப் பக்கம் நட. அதாவது பெப்ரவரியில் ஹட்டன், ஆகஸ்டில் நம்ம ஊர்.

பெப்ரவரிக்கு மூன்று நாள் போதும். ஹட்டனில் ஒரு ரூம் எடுத்து, பெரிய பையை அங்கேயே போட்டுவிடு. முதல் நாள் வட்டகொடையிலிருந்து கொட்டகலை, அடுத்த நாள் கொட்டகலையிலிருந்து நோர்வூட், மூன்றாம் நாள் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை. மூன்று நாளும் நடை முடிகிற இடத்திலிருந்து ஹட்டனுக்கு பஸ் உண்டு. வட்டகொடையும் கொட்டகலையும் ரயில் ஸ்டேஷன்கள்தான். ஆனால் டித்வாவில் ரயில் பாதை பல இடத்தில் மண்ணுக்குள் போனதால், ரயில் எதுவரை ஓடுகிறது என்று கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் கேட்டுவிட்டே கிளம்பு. பொகவந்தலாவைக்கு அடுத்த கட்டம் டயகமையில் போய் இறங்கும். அது வேறு பள்ளத்தாக்கு, பஸ் அக்கரப்பத்தனை வழியாகத் தலவாக்கலைக்குத்தான் போகும். ஹட்டன் ரூம் உதவாது. அதை இந்தத் தடவை தொடாதே.

காலையில் இறங்கியதும் முதல் வேலை, சந்திக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே, "அந்தப் பக்கமிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்பது. பஸ் நேரப் பலகையை நம்பாதே. ஒருமுறை பலகையில் ஆறு மணி என்று போட்டிருந்தது. ஆள் இல்லையென்று பஸ் அஞ்சரைக்கே போய்விட்டது. அன்று ராத்திரி ஒரு லயத்துப் பாட்டி எனக்குக் கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் தந்து, இஸ்தோப்பில் சாக்கு விரித்துக் கொடுத்தாள். எல்லாருக்கும் அப்படிப் பாட்டி அமைய மாட்டாள். கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னாலேயே ரோட்டுக்கு வந்துவிடு. பத்தாம் தேதி சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறில் நடை வைக்காதே. தோட்டமே டவுனுக்கு இறங்கும், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது.

வழி கேட்பதென்றால் கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் கேள். போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்காதே. "இந்தா, கிட்டத்தான்" என்றால் ஒரு மணித்தியாலம். "கொஞ்சம் தூரம்" என்றால் அன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடு. அவர்கள் காட்டுகிற குறுக்குப் பாதை செங்குத்தாக இருக்கும். கொழுந்தைச் சுமந்து பழகிய காலுக்கான வழி அது.

அட்டைக்குக் கடையில் விற்கும் மருந்தெல்லாம் வேண்டாம். சவுக்காரக் கட்டியை லேசாக நனைத்து, சொக்ஸின் மேல் விளிம்பிலிருந்து கணுக்கால்வரை வெள்ளையாகத் தெரியும்படி தேய். காய்ந்ததும் சப்பாத்தைப் போடு. பழந்துணியில் ஒரு பிடி உப்பு முடிந்து வைத்துக்கொள். ஏறிவிட்ட அட்டையில் அதை ஒற்றினால் சுருண்டு விழும். பிடுங்காதே, புண் ஆற நாளாகும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை விட்டாலே அன்றைய நடையை விடு. செம்மஞ்சள், சிவப்பு வரும்வரை காத்திருக்காதே. மூன்று பிள்ளைகளாகச் சேர்ந்து போவதாக எழுதியிருக்கிறாய், நல்லது. தினமும் எந்த இடத்தில் பஸ் ஏறுவாய் என்று காலையிலேயே அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு. எனக்கும்தான்.

ஆகஸ்டில் இங்கே வா. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை 1904இல் சின்ன ரயில் வந்தது. 1940களில் நிறுத்தி, தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். அந்தத் தடத்தில் நடப்போம். ரயில் போன வழி என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும், என் முழங்காலும் தாங்கும். எனக்குத் தெரிந்த இடங்களைக் காட்டுகிறேன். ராகலையிலிருந்து வீட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று கடையில் நீதான் கேட்கவேண்டும்.

அன்புடன்,
மாமா