ஐப்பசிக்கு முன் ஒரு பஸர்

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. சென்னையின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் கொட்டித் தீர்க்கிறது. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் இந்த வாரமே ஒரு வேலையை முடித்துவிட வேண்டும்: தண்ணீர் பட்டதும் அலறும் ஒரு சிறு கருவியை வீட்டிலேயே செய்து, தண்ணீர் முதலில் தலைகாட்டும் இடத்தில் வைப்பது. இது வெள்ளத்தைத் தடுக்காது. தூக்கத்தில் பறிபோகும் அரை மணி நேரத்தைக் காப்பாற்றித் தரும். சேதம் எவ்வளவு என்பது பெரும்பாலும் அந்த அரை மணியில்தான் முடிவாகிறது.

செல்போனுக்கே எச்சரிக்கை வருகிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். வானிலை ஆய்வு மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் மாவட்டம் முழுவதற்குமானவை. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்பதைச் சிவப்பு எச்சரிக்கை சொல்லும். உங்கள் தெருவின் வடிகால் எத்தனை மணிக்கு நிரம்பி வழியும் என்பதைச் சொல்ல வழியில்லை. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது, அடையாற்றங்கரை வீடுகளில் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறியது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பதும் தவறு. பாதாளச் சாக்கடை நிரம்பினால், வாசற்படி காய்ந்திருக்கும்போதே பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகக் கழிவுநீர் எதிர்த்து வரும். அதனால் முதல் கருவிக்கு உரிய இடம் பாத்ரூம்தான். இரண்டாவதைச் சம்ப் மூடியின் விளிம்பில் வையுங்கள். தெருத் தண்ணீர் அதற்குள் இறங்கிவிட்டால் குடிநீரும் போய்விடும்.

செய்முறை எளிது. பிசி547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, நேர்மின்சாரம் கொடுத்ததும் தானே ஒலிக்கும் வகை பஸர், இரண்டு எவர்சில்வர் ஸ்க்ரூ, கொஞ்சம் ஒயர்: ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரியின் பிளஸ்ஸைப் பஸரின் பிளஸ்ஸுடனும், பஸரின் மைனஸைக் கலெக்டருடனும், எமிட்டரைப் பேட்டரியின் மைனஸுடனும் இணையுங்கள். ஒரு ஸ்க்ரூவுக்குப் பிளஸ்ஸிலிருந்து நேராக ஒயர் போகட்டும். மற்றதிலிருந்து வரும் ஒயர் ரெசிஸ்டர் வழியாகப் பேஸைச் சேரட்டும். இரண்டு ஸ்க்ரூவையும் ஒரு பிளாஸ்டிக் மூடியில் 1 செ.மீ. இடைவெளியில், முனை கீழே பார்க்கச் செருகுங்கள். தெருத் தண்ணீரிலும் சாக்கடையிலும் உப்புகள் கரைந்திருப்பதால், அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பேஸுக்குப் போகும். டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்கிப் பஸரை ஒலிக்க வைக்கும். வெறும் செம்புக் கம்பியை ஸ்க்ரூவுக்குப் பதிலாக வைக்காதீர்கள். ஈரத்தில் பச்சை பூத்து, தேவைப்படும் நாளில் மின்சாரத்தைக் கடத்தாமல் போகக்கூடும்.

தினமும் குளிக்கும் இடத்தில் இது ஓயாமல் கத்தாதா என்பது நியாயமான கேள்வி. பாத்ரூமில் ஸ்க்ரூ முனைகள் தரையிலிருந்து 2 செ.மீ. மேலே இருக்கட்டும், குளிக்கும் தண்ணீர் அந்த உயரத்துக்குத் தேங்காது, எதிர்த்து வரும் சாக்கடை தேங்கும். பேட்டரியும் பஸரும் படுக்கையறைச் சுவரில், தூங்குபவர் காதுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒயர் மட்டும் பாத்ரூமுக்குப் போகட்டும். வைஃபை வசதியுள்ள சென்சாரைக் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். மழை வலுத்த இரவில் முதலில் போவது கரண்ட், கூடவே மோடமும் அணைந்துவிடும். இந்தக் கருவிக்கு இரண்டும் வேண்டாம், காய்ந்திருக்கும்வரை பேட்டரியும் செலவாகாது. வீட்டு மின்சாரத்தோடு இதை எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள்.

பஸர் ஒலித்ததும் யார் எதைச் செய்வது என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், அதுவும் காய்ந்த தரையில் நின்றால் மட்டும். தரை நனைந்துவிட்டால் சுவிட்ச் போர்டைத் தொடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள். இன்னொருவர் மணல் மூட்டையால் பாத்ரூம் ஓட்டையை அடைக்கட்டும். மருந்து, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் அடங்கிய பை மேல்மாடிக்குப் போகட்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை அந்த நேரத்தில் தூக்க முடியாது. அதை இன்றே செங்கல் அடுக்கி உயர்த்துங்கள். முதியவர்கள் இருக்கும் வீட்டில் முதல் வேலை அவர்களை மாடிக்கு அழைத்துப் போவதுதான். வெளியேற உதவி தேவைப்பட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

டிசம்பர் முடியும்வரை ஞாயிறுதோறும் ஈரத்துணியால் இரண்டு ஸ்க்ரூவையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் மெலிந்திருந்தால் அன்றைக்கே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.