விரல் நசுங்கிய பிறகு: பணியிடக் காயம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

வாகன உதிரிபாகத் தொழிலில் நேரும் காயங்களில் பெரும்பங்கு விரல் நசுங்குவதுதான். அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ் இயந்திரம். புனேயை ஒட்டி பிம்ப்ரி-சிஞ்ச்வட், போசரி, சாகன், தலேகாவ் என நீளும் தொழிற்பேட்டைகளில், பெரிய கார், பைக் கம்பெனிகளுக்காகத் தகட்டை வெட்டி, வளைத்து, துளையிட்டுக் கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். குர்கான்-மானேசரில் தொடங்கிய ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு, காயம்பட்ட தொழிலாளர்களைச் சந்தித்து ‘கிரஷ்டு’ என்ற ஆய்வறிக்கையை 2019 முதல் வெளியிட்டு வருகிறது; பின்னர் மகாராஷ்டிரத்தையும் சேர்த்துக்கொண்டது. பிரஸ்ஸில் மாட்டியவர்கள் சராசரியாக இரண்டு விரல்களை இழக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் என்ற செய்தி அந்த அறிக்கைகளில் ஆண்டு தவறாமல் வருகிறது. இத்தனை ஆண்டுகளாக ஒரே இயந்திரம் ஒரே விதமாக விரலை எடுக்கிறது என்றால், அதைச் சுற்றி நிலவும் சில நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம்”

இந்த நம்பிக்கைக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு. அமெரிக்காவின் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய எச். டபிள்யூ. ஹைன்ரிச், 1931இல் வெளியிட்ட நூலில் விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலால் நேர்வதாக எழுதினார். அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் எழுதிக் கொடுத்த விபத்துக் குறிப்புகள். யார் மேல் பழி என்று எழுதியவர்களே ஒரு தரப்பினர் என்பதால் அந்தக் கணக்கைப் பின்வந்த ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்துவிட்டார்கள். ஆனாலும் பயிற்சி வகுப்புகளில் அந்த எண் இன்றும் சாகாமல் உலவுகிறது.

பவர் பிரஸ்ஸின் உள்ளமைப்பைப் பார்த்தால் உண்மை வேறு பக்கம் இருப்பது தெரியும். பழைய, விலை குறைந்த பிரஸ்களில் இருப்பது கீ கிளட்ச். பெடலை ஒருமுறை மிதித்துவிட்டால் மேலே இருக்கும் ஸ்லைடு கீழே இறங்கி, அடித்து, மறுபடி மேலே போய்த்தான் நிற்கும். நடுவழியில் நிறுத்த வழியில்லை. கிளட்ச் சாவியோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால் ஒரு மிதிக்கு இரண்டு அடி விழும். முதல் அடி முடிந்தது என்று வெட்டிய துண்டை எடுக்க டை எனும் அச்சுக்குள் கையை விட்டவருக்கு இரண்டாவது அடி சொல்லாமல் வரும். இதில் கவனம் எங்கே குறைந்தது?

கைக்கு முன்னால் ஒளிக்கதிர் திரையாகிய சென்சாரைப் பொருத்தினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கதிர் வெட்டுப்பட்டதும் இயந்திரம் நின்றாக வேண்டும். கீ கிளட்ச் பிரஸ்ஸோ நடுவில் நிற்காது. அதில் சென்சார் மாட்டுவது அலங்காரம். காற்றழுத்தக் கிளட்சும் பிரேக்கும் உள்ள பிரஸ்ஸில்தான் சென்சார் வேலை செய்யும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் ஏற்பாடு, கையே உள்ளே நுழைய முடியாதபடி அடைத்த டை, துண்டு தானாக வெளியே விழும் அமைப்பு ஆகியவையும் பயன் தரும். இவை எல்லாமே பணம் செலவழிக்கும் அதிகாரம் உள்ளவர் எடுக்கும் முடிவுகள். ஹெல்பராகச் சேர்ந்து சில நாளில் பிரஸ்ஸில் நிறுத்தப்பட்ட இளைஞர் எடுக்கும் முடிவுகள் அல்ல.

ஆபரேட்டரே சென்சாரைக் கழற்றிவிடுகிறார் என்ற புகாரும் பொய்யில்லை. மணிக்கு இத்தனை துண்டு என்ற டார்கெட்டை சென்சாரோடு எட்ட முடியாதபோது அது கழற்றப்படுகிறது. சூப்பர்வைசர் பார்த்தும் பாராமல் போகிறார். டார்கெட்டை வைத்தவரின் பெயர் மட்டும் விபத்துக் குறிப்பில் வருவதில்லை.

“ஹெல்மெட்டும் கையுறையும் கொடுத்தால் கடமை முடிந்தது”

பாதுகாப்பு இயலில் ஒரு வரிசை உண்டு: ஆபத்தையே நீக்குவது, ஆபத்து குறைந்த வழிக்கு மாறுவது, இயந்திரத்தைத் தடுப்பால் அடைப்பது, வேலைமுறையை ஒழுங்குபடுத்துவது, கடைசியாக உடலில் அணிபவை. கடைசிப் படியை முதற்படியாக எண்ணுவதுதான் பிழை. பல டன் விசையுடன் இறங்கும் ஸ்லைடுக்குக் கையுறை ஒரு பொருட்டே இல்லை. டிரில்லிங் மெஷின் போன்ற சுழலும் இயந்திரங்களில் கையுறையே சுற்றிக்கொண்டு கையை உள்ளே இழுக்கும்.

“விபத்து இல்லாத நாட்கள் பலகை பாதுகாப்பைக் காட்டுகிறது”

ஆலை வாசலில் தொங்கும் இந்தப் பலகை எதைக் காட்டுகிறது என்பதற்கு நாட்டின் புள்ளிவிவரமே துப்புக் கொடுக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசு அமைப்பான டி.ஜி.ஃபாஸ்லி திரட்டிய கணக்கின்படி, 2017 முதல் 2020 வரை பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,100 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 4,000 பேர் காயமடைந்தார்கள். அதாவது ஒரு சாவுக்கு நாலு காயம்கூட இல்லை. உலக அளவில் காயங்கள் சாவைவிடப் பல நூறு மடங்கு அதிகம். பிணத்தை மறைப்பது கடினம், விரலை மறைப்பது எளிது என்பதைத் தவிர இந்த விகிதத்துக்கு வேறு விளக்கம் கிடைப்பது அரிது.

மறைப்பதற்கான வாசல் விதியிலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, காயத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால்தான் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இதே அளவுதான். எனவே கட்டுப்போட்ட கையுடன் மறுநாளே வரவழைத்து, ஸ்டோரில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிவிட்டால் கணக்கில் விபத்தே நடக்கவில்லை. அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில் ரொக்கமாகக் கட்டி முடிப்பது இன்னொரு வழி. விபத்தில்லா மாதத்துக்கு எல்லோருக்கும் போனஸ் என்று அறிவித்துவிட்டாலோ, காயம்பட்டவரே சக தொழிலாளிகளின் முகத்துக்கு அஞ்சி வாய்திறக்க மாட்டார். காயங்களின் எண்ணிக்கை ஏறும் ஆலை நேர்மையாக எழுதும் ஆலையாகவும் இருக்கலாம். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை பதிவாயின, அவற்றுக்குப் பின் இயந்திரத்தில் என்ன மாற்றம் செய்தார்கள் என்று கேட்பது பலகையைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

“அவர் காண்டிராக்டர் ஆள், தப்பும் அவருடையது, நஷ்டஈடு கிடையாது”

சட்டம் ஏறக்குறைய நூறாண்டுகளாக இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 1923ஆம் ஆண்டு ஈட்டுச் சட்டத்தில் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் பட்டதா என்பதே கேள்வி. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியது, வேண்டுமென்றே பாதுகாப்புக் கருவியைக் கழற்றியது ஆகிய மூன்றும் விலக்குகள். சாவோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்த விலக்குகளும் செல்லாது. காண்டிராக்டர் மூலம் வந்தவருக்கு முதன்மை நிறுவனமே கொடுத்துவிட்டு, பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்று எழுதி வாங்கிய காகிதம் செல்லாது.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பொறுப்பை அதன் கழகம் ஏற்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் அதில் வருவார்கள், முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்த வேண்டும். பணியிடக் காயத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. குணமாகும்வரை ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர இழப்பு இருந்தால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவ வாரியம் மதிப்பிட்டு, வாழ்நாள் முழுக்க மாதத்தொகை தருகிறது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி இழப்பு 20 விழுக்காடு. 15,000 ரூபாய் ஊதியம் வாங்கியவருக்கு அதில் 90 விழுக்காடான 13,500இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது மாதம் ஏறத்தாழ 2,700 ரூபாய். வாழ்நாள் முழுக்க வரும் என்பதால் இதை அற்பத்தொகை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இ.எஸ்.ஐ. அட்டை விபத்துக்குப் பிறகே கைக்கு வருகிறது என்று ‘கிரஷ்டு’ அறிக்கைகள் காட்டுகின்றன. கையில் அட்டை இல்லாதவரைத்தான் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று விஷயத்தை முடித்துவைப்பது சுலபம்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பழைய சட்டங்கள் அவற்றுள் அடங்கின. தவறை நிரூபிக்காமலே ஈடு என்ற அடிப்படை மாறவில்லை.

“முழுக்கக் குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம்”

வேலைக்குத் திரும்புவது பற்றிய ஆய்வுகள் அதிகம் நடந்த நாடுகளில் ஒன்று கனடா. டொரண்டோவிலுள்ள வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம், பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஏழு கோட்பாடுகளை வெளியிட்டது. காயம்பட்ட தொடக்க நாட்களிலேயே நிறுவனம் அக்கறையுடன் தொடர்புகொள்வதும், திரும்பி வருபவருக்கு அவர் உடல்நிலைக்கேற்ப மாற்றிய வேலையைக் கொடுப்பதும், அந்த மாற்றம் சக ஊழியருக்குச் சுமையாகாமல் பார்த்துக்கொள்வதும் அவற்றில் அடங்கும். விலகியிருக்கும் காலம் நீள நீளத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. ஜெர்மனியில் ஓராண்டுக்குள் ஆறு வாரத்துக்கு மேல் நோய்விடுப்பில் இருந்தவரோடு உட்கார்ந்து திரும்பும் திட்டம் வகுக்க முன்வருவது முதலாளியின் சட்டக் கடமை. மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2007இலேயே வேலைக்குத் திரும்பும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது.

மறுநாளே ஸ்டோரில் உட்காரவைப்பதும் ‘விரைவான திரும்புதல்’தானே என்று கேட்கலாம். மருத்துவர் சொன்ன அளவில், தொழிலாளி ஒப்புக்கொண்ட வேலையில், படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவது ஒன்று. 48 மணி நேரக் கணக்கை ஏமாற்றுவது வேறொன்று.

இந்தியச் சட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. சிகிச்சைக்காலத்தில் இ.எஸ்.ஐ. உதவி பெறுபவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது. அது முடிந்த மறுநாள் என்ன ஆகும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாது, வேறு பணியில் அமர்த்த வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். சாகன் பட்டறைக்குப் பொருந்தாது. இ.எஸ்.ஐ.யின் மறுவாழ்வுத் தொழிற்பயிற்சிக்கு 40 விழுக்காடாவது ஊனம் இருக்க வேண்டும், வயது 45க்குள் இருக்க வேண்டும். இரண்டு விரல் போனால் 20, மூன்று விரல் போனால் 30, கட்டைவிரல் முழுதும் போனாலும் 30. பிரஸ்ஸில் வழக்கமாக நேரும் காயம் அந்த வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. பிரஸ்ஸில் மறுபடி நிற்க முடியாத அளவுக்குக் காயம், பயிற்சி பெறப் போதாத அளவுக்கு ஊனம் என்ற இடைவெளியில் சிக்கியவர்கள் ஊர் திரும்புகிறார்கள்.

ஊனமுற்றவரால் ஆலையில் என்ன செய்ய முடியும் என்று புனேயில் கேட்பது விந்தையானது. படைவீரர்களுக்கான செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இந்த நகரில் இயங்குகிறது. இதே நகரின் கட்கியில் தண்டுவடம் பாதித்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் இருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்டு, 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கர், புனேயின் டெல்கோ வாகன ஆலையில் வேலை பார்த்தவர். படைவீரனுக்குச் சாத்தியமானது பிரஸ் ஆபரேட்டருக்குச் சாத்தியமாகாததற்கு உடற்கூறு காரணமில்லை.

“அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தால் தொழில் படுத்துவிடும்”

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் குலுக்கல் முறையில் பாதுகாப்பு ஆய்வுக்கு உள்ளான நிறுவனங்களை, ஆய்வுக்கு உள்ளாகாத அதே வகை நிறுவனங்களோடு ஒப்பிட்டு லெவைன், டாஃபெல், ஜான்சன் ஆகிய மூவர் 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஆய்வுக்குள்ளான இடங்களில் காயங்கள் 9.4 விழுக்காடும் காயச்செலவு 26 விழுக்காடும் குறைந்தன. வேலைவாய்ப்பிலோ விற்பனையிலோ குறைவு எதுவும் தென்படவில்லை. புனே மாவட்டத்தில் 2021 ஜூனில் உரவடே அருகே பதினைந்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பலிகொண்ட தீயும், 2023 டிசம்பரில் தளவடேயில் கேக் மெழுகுவத்திப் பட்டறையில் பெண்களைப் பலிகொண்ட தீயும் நடந்த பிறகே அதிகாரிகளின் கவனம் அங்கே திரும்பியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர் போக முடியாத இடத்துக்கும் போகக்கூடியது வாங்குபவரின் கட்டளை. பெரிய வாகன நிறுவனங்களின் சொந்த ஆலைகளைவிட, அவற்றுக்கு உதிரிபாகம் செய்வோருக்குச் செய்து கொடுக்கும் இரண்டாம், மூன்றாம் அடுக்குப் பட்டறைகளில்தான் விரல்கள் அதிகம் போகின்றன. தகட்டின் தடிமனில் நூலிழை பிசகினாலும் சரக்கைத் திருப்பியனுப்பும் அதே நிறுவனத்துக்கு, அது எந்தக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸில் அடிக்கப்பட்டது என்று கேட்கவும் முடியும். முன்னணி வாகன நிறுவனங்களின் பாதுகாப்புக் கொள்கைகள் கீழடுக்குவரை எட்டுகின்றனவா என்பதை ‘சேஃப்டிநீதி’ என்ற மற்றோர் அறிக்கைத் தொடரில் சேஃப் இன் இந்தியா ஒப்பிட்டு வருகிறது. வாங்குபவர் கேட்காவிட்டாலும் சட்டம் கேட்கலாம்: புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பின்படி, பாதுகாப்புக் கடமையை மீறியதால் பலத்த காயம் நேர்ந்தால் இரண்டு முதல் நான்கு லட்சம் ரூபாய் வரையிலான அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கை, ஈட்டுத்தொகையாகக் காயம்பட்டவருக்கே கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.