ஆய்வுப் பாடம்: 6.7 விழுக்காட்டில் இல்லாதவர்கள்

இந்த மாத வகுப்புக்கு ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்: 6.7. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் இந்தியர்களின் விழுக்காடு இது. 2010-ல் 7.3 ஆக இருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "நாம அழிஞ்சிக்கிட்டு இருக்கோம்"னு ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கூடவே அதன் தம்பியும் வரும்: "இந்தியர் 6.7, இந்துக்கள் 6.1. பாத்தீங்களா, 0.6 மதம் மாறிடுச்சு!" கிள்ளானில் நான் எடுக்கும் ஞாயிறு வகுப்பில் இதைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டாத பிள்ளைகள் குறைவு.

முதல் தகவலைப் பார்ப்போம். 2010-ல் இந்தியக் குடிமக்கள் 19 லட்சத்து 7 ஆயிரம் பேர். 2020-ல் ஏறக்குறைய 20 லட்சம். தலைக்கணக்கு ஏறித்தான் இருக்கிறது. மற்றவர்கள் நம்மைவிட வேகமாகப் பெருகியதால் பங்கு இறங்கியது. நம் வீடுகளில் இப்போது ஒன்று, இரண்டு பிள்ளைகள்தான். உங்கள் தாத்தா காலத்து லயத்து வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தகவலில் கணக்கே தப்பு. நாட்டின் மொத்த மக்கள் தொகை 3 கோடியே 24 லட்சம். அதில் குடியுரிமை இல்லாதவர்கள் 27 லட்சம், அதாவது 8.3 விழுக்காடு. சமய விழுக்காட்டை மொத்தப் பேரையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். இன விழுக்காட்டைக் குடிமக்களை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆக, 6.1-க்குள் நேப்பாள நாட்டுப் பாதுகாவலரும் இருக்கிறார், தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகத்தில் வேலை செய்யும் அண்ணனும் இருக்கிறார். 6.7-க்குள் இந்தியக் கிறிஸ்துவர், இந்திய முஸ்லிம், சீக்கியர் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஒரு கூடையில் இருக்கும் தேங்காயிலிருந்து இன்னொரு கூடையில் இருக்கும் மாங்காயைக் கழித்தால் என்ன வரும்? மதமாற்றமே நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கழித்தலில் அது தெரியாது, அவ்வளவுதான்.

இதைப் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையில் இருந்த ஒரு தங்கை கை தூக்கினாள். "அண்ணே, எங்க பாட்டிக்குச் சிவப்பு ஐசி. அப்ப அவங்கள எந்தக் கட்டத்துல போட்டிருப்பாங்க?"

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. பதில் இதுதான்: குடியுரிமை இல்லாதவர் என்ற கட்டத்தில். அந்தக் கட்டத்துக்குள் இனப் பிரிவு கிடையாது. எழுபது வருஷமாக இந்த மண்ணில் பால்மரம் வெட்டி, பிள்ளை வளர்த்து, தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறிய பாட்டியும், போன வருஷம் கட்டுமான வேலைக்கு வந்தவரும் அந்த அட்டவணையில் ஒரே வரி. நம் சமுதாயத்தில் ஆவணச் சிக்கல் எவ்வளவு பெரிசு என்று 6.7-ஐ மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. சிக்கலில் இருப்பவர்கள்தாம் அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறார்களே!

பாட்டி ஏன் வெளியே நின்றார்? இதை நிதானமாகப் படியுங்கள், உங்கள் வீட்டுக்கும் பொருந்தலாம். கூட்டரசு அரசமைப்புச் சட்டப்படி, மெர்டேக்கா நாளுக்குப் பிறகு 1962 அக்டோபருக்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பொதுவாகக் குடிமகன்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் யார் போய்ச் சொல்வது? எழுத்து தெரியாது, கிராணியைக் கேட்கப் பயம், "சிவப்பு ஐசி இருக்கே, போதும்" என்ற நினைப்பு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று நெருக்கியபோதுதான் பலருக்கு விஷயம் புரிந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்கே போனார்கள். அதன் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டுமனைகளாக மாறின. மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குச் சாட்சி சொல்லத் தோட்டமும் இல்லை, அலுவலகமும் இல்லை. 2018-ல் 60 வயது தாண்டிய, சிவப்பு ஐசி வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அன்றைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். அறுபது வயது வரைக்கும் காத்திருந்தவர்கள் அவர்கள்.

இது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் வயதுக்காரர்கள் இன்று புதிதாக உண்டாக்கும் சிக்கல் ஒன்று இருக்கிறது. கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, விருந்தும் முடிந்தது. திருமணப் பதிவு மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்". 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவது சட்டப்படி கட்டாயம். பதிவில்லாவிட்டால் பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அப்படிப்பட்ட பிள்ளையின் குடியுரிமை தாயைத்தான் பின்பற்றும், அப்பாவிடம் நீல ஐசி இருந்தாலும். மனைவி வெளிநாட்டுக்காரராகவோ ஆவணம் இல்லாதவராகவோ இருந்தால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் அழுதுகொண்டு நிற்கும். இன்னொன்று: 2024 அக்டோபரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாய் வழியாகவும் குடியுரிமை என்ற நல்ல காரியத்தைச் செய்தது. அதே திருத்தம், சிவப்பு ஐசி பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகும் வழியை எடுத்துவிடுகிறது. வீட்டில் சிவப்பு ஐசி அக்காவோ அண்ணனோ இருந்தால் இனி நாளைக் கடத்தாதீர்கள்.

சரி, எந்தக் கதவைத் தட்டுவது? இங்கேதான் நம்மவர்கள் நிறைய அலைகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் கூட்டரசுக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒரு பட்டியல். குடியுரிமை, குடிநுழைவு, போலீஸ், தேசியப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு எல்லாம் கூட்டரசுப் பட்டியல். நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியல். கோயில் நிலத்துக்கு ஷா ஆலாம் போகிறோம், அது சரி. பாட்டியின் ஐசிக்கு அங்கே போய்ப் பயனில்லை. சட்டமன்ற உறுப்பினர் நல்லவராக இருந்தால் ஆதரவுக் கடிதம் தருவார், தேதி வாங்கித் தருவார். முடிவு எடுப்பது புத்ராஜெயாவில் உள்துறை அமைச்சு.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சோதனை நடந்தால் கவனித்துப் பாருங்கள், இரண்டு மூன்று விதச் சீருடை இருக்கும். மாநகர் மன்ற ஆள் கடை லைசென்சைப் பார்ப்பார். வெளிநாட்டவர் கடையை நடத்தினால் பூட்டலாம், சாமானைத் தூக்கலாம். ஆளைக் குடிநுழைவுச் சட்டத்தில் பிடித்துப் போவது குடிநுழைவுத் துறையின் வேலை. பிரிக்பீல்ட்ஸில் இன்னும் ஒரு வித்தியாசம்: 1974 பிப்ரவரி 1 முதல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். அங்கே மந்திரி பெசாரும் கிடையாது, சட்டமன்றமும் கிடையாது. துன் சம்பந்தன் சாலையில் லைசென்ஸ் பார்ப்பவரும் கூட்டரசின் கீழ்தான், பெர்மிட் பார்ப்பவரும் கூட்டரசின் கீழ்தான்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதிலும் ஐசியின் நிறம் பேசுகிறது. குடிமகனைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடியுரிமை இல்லாதவரைக் குடிநுழைவுச் சட்டத்தில் பிடித்தால் அந்த அவகாசம் 14 நாள். இரண்டும் அரசமைப்புச் சட்டத்தின் 5-வது பிரிவிலேயே இருக்கிறது. இங்கேயே பிறந்து காகிதம் இல்லாமல் போன நம் பையன் ஒருவனுக்கு அந்த 14 நாள் எப்படிக் கழியும் என்று யோசித்துப் பாருங்கள்.

"மாநிலத்துக்கு அதிகாரம் இருந்தா நல்லா இருக்குமே"ன்னு வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். சபா, சரவாக்குக்கு இருக்கிறது. நாம் கோத்தா கினபாலுவில் இறங்கினாலே கவுண்டரில் ஐசி காட்ட வேண்டும், வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். ஆனாலும் 2020 கணக்கெடுப்பில் சபா மக்களில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் குடியுரிமை இல்லாதவர்கள். குடியேறிகளுக்கு நீல ஐசி கொடுக்கப்பட்டதாக, 2012-ல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்தின் முன் பலர் சாட்சி சொன்னார்கள். வாசல் மாநிலத்தின் கையில். ஐசி அச்சடிப்பது கூட்டரசின் கையில். அமெரிக்காவிலும் இந்த இழுபறி உண்டு. அரிசோனா மாநிலம் 2010-ல் தானே ஒரு குடிநுழைவுச் சட்டம் போட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது.

கடைசியாக ஒன்று. கணக்கெடுப்பாளர் வந்தால் பாட்டியை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தாதீர்கள். அவர் புள்ளிவிவரத் துறை ஆள். 1960-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி உங்கள் பதில் இரகசியம், எண்ணிக்கைக்கு மட்டுமே. ஒளித்து வைத்தால் அந்த 27 லட்சத்தில்கூடப் பாட்டி இருக்க மாட்டார்.

அடுத்த வகுப்புக்கு இரண்டு வேலை. ஒன்று, புள்ளிவிவரத் துறையின் 'கவாசான்கு' தளத்தில் உங்கள் சட்டமன்றத் தொகுதியைத் தேடி, இன வரிசையையும் குடியுரிமை இல்லாதவர் எண்ணிக்கையையும் எழுதி வாருங்கள். இரண்டு, வீட்டில் எல்லாருடைய பிறப்புப் பத்திரமும் அப்பா அம்மா திருமணப் பத்திரமும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அசல் வேண்டாம், நகல் போதும். பிறப்புப் பத்திரமே இல்லாதவர் யாராவது இருந்தால், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும், அவர் பிறந்ததைத் தெரிந்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.