தலைப்பிரசவ பயம்: கம்பெனி வேலைக்குப் போகும் பெண்ணும் சுற்றியிருப்பவர்களும் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம். இந்தத் தொழிற்பேட்டைகளின் லைன்களில் நிற்பவர்களில் இளம்பெண்கள் ஏராளம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்ததே அதற்குச் சாட்சி. வெளி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்து, கல்யாணமாகி, இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருப்பவர்களும் உண்டு. அப்படி ஒருத்தி முதல் குழந்தையைச் சுமக்கும்போது பக்கத்தில் அம்மா இல்லை, பெரியம்மா இல்லை, பிரசவம் பார்த்துப் பழகிய பாட்டியும் இல்லை. கேள்விகள் மட்டும் நிறைய இருக்கின்றன.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பாதுகாப்பான இடத்துக்குப் பெண்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லிக்கொடுக்கும் வேலைதான் பாக்கி. அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. பயத்தின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது. பிரசவ பயம் கடுமையாக இருந்த 371 தலைப்பிரசவப் பெண்களை வைத்து ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவினருக்குக் கர்ப்ப காலத்தில் ஆறு வகுப்புகள் ஏற்பாடு செய்யப்பட்டன. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. வகுப்புக் குழுவில் சிசேரியன் சுமார் 23 சதவீதம். மற்ற குழுவில் சுமார் 33.

“பயப்படாதே” என்று சொன்னால் பயம் போகாது. என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், யார் கூட இருப்பார்கள் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதிப் பயம் குறையும். கீழே உள்ள பட்டியல் அந்தப் பதில்களுக்காகத்தான்.

தாயாகப் போகிறவர் செய்ய வேண்டியவை

1. பயத்தைப் பிரித்து எழுதுங்கள். வலியா, தையலா, யாராவது திட்டுவார்களோ என்பதா, குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்பதா, நடுராத்திரியில் வண்டி கிடைக்குமா என்பதா, வேலை போய்விடுமோ என்பதா? வலிக்கும் தையலுக்கும் மருத்துவரிடம் பதில் உண்டு. வண்டிக்கு முன்னேற்பாடு உண்டு. வேலைக்குச் சட்டம் உண்டு. மொத்தமாகச் சேர்த்துவைத்தால்தான் எதற்கும் பதில் இல்லாததுபோலத் தோன்றும்.

2. பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து, அதற்குரிய பிக்மி எண்ணை வாங்குங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்வரை அந்த எண் தேவைப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ரூபாய் உதவி பெறவும் இதுவே முதல் படி. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு செய்தால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் உங்களுக்குப் பழக்கமாகிறார். சந்தேகம் கேட்க ஓர் ஆள் கிடைக்கிறார்.

3. ஒவ்வொரு செக்கப்புக்கும் ஒரு கேள்வியாவது கொண்டுபோங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென நடக்கும் சிறப்புப் பரிசோதனை நாளையும் பயன்படுத்துங்கள். “தையல் எப்போது போடுவீர்கள்?”, “வலி குறைக்க இங்கே என்ன வசதி?”, “எந்த நிலைமையில் ஆப்பரேஷன் முடிவெடுப்பீர்கள்?” இவையெல்லாம் தாராளமாகக் கேட்கலாம்.

4. நேரக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். தலைப்பிரசவத்தில் ஆரம்பக்கட்ட வலி விட்டுவிட்டு வெகுநேரம் இருக்கலாம். அதற்கு இத்தனை மணி நேரம் என்று வரையறை இல்லை. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்தபிறகுதான் தீவிரக் கட்டம் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி சொல்கிறது. அந்தக் கட்டம் முதல் பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்தைத் தாண்டாது. முக்கிப் பெற்றெடுக்கும் கட்டம் பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள் முடியும். வலியும் இடைவிடாமல் இருப்பதில்லை. ஒவ்வொரு வலிக்கும் நடுவே ஓய்வு உண்டு. இது தெரியாத பெண்ணுக்கு இரண்டாவது மணி நேரத்திலேயே “ஏதோ தப்பு நடக்கிறது” என்று தோன்றிவிடும்.

5. சூட்டு வலியையும் இடுப்பு வலியையும் பிரித்தறியப் பழகுங்கள். நடந்தாலோ படுத்தாலோ தணிந்துவிடும், நேரம் ஒழுங்கில்லாமல் வரும் வலி பெரும்பாலும் சூட்டு வலி. ஒழுங்காக, நெருங்கி நெருங்கி, கூடிக்கொண்டே வந்தால் அது பிரசவ வலி. சந்தேகமாக இருந்தால் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

6. மூச்சையும் உடல் நிலைகளையும் முன்கூட்டியே பழகுங்கள். பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி பயத்தைக் கூட்டுகிறது என்று இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே எழுதினார். நிதானமாக மூச்சை வெளியே விடுவது, நடப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை அசைப்பது, ஒருக்களித்துப் படுப்பது ஆகியவற்றைச் செவிலியரிடம் கேட்டுக் கற்று, தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள். வலி வந்தபிறகு புதிதாகக் கற்க முடியாது.

7. லேபர் வார்டை ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். கூட யார் இருப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். உடன் ஒருவர் தொடர்ந்து இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, வலி நேரம் குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியானது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் மருத்துவமனையின் விதியை முன்பே கேட்டுவையுங்கள்.

8. வழியைத் திட்டமிடுங்கள். ஸ்ரீபெரும்புதூரா, காஞ்சிபுரமா, செங்கல்பட்டா? சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் வாலாஜாபாத் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், ஷிப்ட் மாறும் நேரத்தில் எவ்வளவு தாமதமாகும் என்பது உங்களுக்கே தெரியும். 108 எண், ஒரு மாற்று ஆட்டோ, தயாராகக் கட்டிவைத்த பை, பரிசோதனைக் கோப்பு நான்கும் எட்டாம் மாதத்துக்குள் தயாராக இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

1. கர்ப்பத்தைக் கம்பெனியில் மறைக்கக் கூடாது. மறைத்தால் கனமான வேலையும் நீண்ட நேர நிற்பும் தொடரும். அதோடு ஒரு புதுப் பயமும் சேரும்.

2. ராத்திரி தூக்கம் வராதபோது பிரசவ வீடியோக்களைத் தேடிப் பார்க்கக் கூடாது. அதிகம் பார்க்கப்படுவது அதிகம் பயமுறுத்துவதாகத்தான் இருக்கும்.

3. “இந்த ஷிப்ட் முடியட்டும்” என்று அபாய அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது. பனிக்குடம் உடைதல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், கடுமையான தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்புங்கள்.

4. வலி வரவழைக்கும் என்று யாரோ சொன்ன கஷாயமோ மாத்திரையோ எடுக்கக் கூடாது.

5. பயத்துக்காக மட்டும் ஆப்பரேஷன் தேதி குறிக்கக் கூடாது. முதலில் அந்தப் பயத்தை மருத்துவரிடம் பேசுங்கள். மருத்துவக் காரணத்துக்காக சிசேரியன் தேவைப்பட்டால் அதைத் தோல்வியாகவும் நினைக்கக் கூடாது. வலி குறைக்க மருந்து கேட்பதும் பலவீனம் அல்ல.

6. தூக்கம் கெட்டு, கெட்ட கனவுகள் வந்து, செக்கப்புக்குப் போகவே கால் வராத அளவுக்குப் பயம் இருந்தால் “எல்லாருக்கும் இருப்பதுதான்” என்று விட்டுவிடக் கூடாது. அது சிகிச்சைக்குரியது. மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கணவரும் வீட்டாரும்

செய்ய வேண்டியவை: கணவர் ஒரு செக்கப்புக்காவது லீவு போட்டுக் கூடப் போக வேண்டும். வலியின்போது இடுப்பின் பின்புறத்தை எப்படி அழுத்திவிடுவது, எந்த அறிகுறிக்கு ஓடுவது என்று அவரும் கற்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதென்றால் கடைசி வாரம்வரை காத்திருக்கக் கூடாது. கோப்பையும் பிக்மி எண்ணையும் கொண்டுபோய் அந்த ஊர் மருத்துவமனையில் முன்பே காட்டிவிட வேண்டும். பழக்கமில்லாத இடத்தில் முதல்முறை நுழைவது பயத்தைக் கூட்டும்.

செய்யக்கூடாதவை: வளைகாப்புக்கு வந்த இடத்தில் செத்துப் பிழைத்த கதைகளைச் சொல்லக் கூடாது. “நானெல்லாம் வயலில் நின்றபடியே பெற்றேன்” என்று ஒப்பிடக் கூடாது. அப்படிச் சொன்னால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்கவே மாட்டாள். ஆணா பெண்ணா என்ற பேச்சை அவள் காதுபட எடுக்கவே கூடாது.

லைன் லீடர், சூப்பர்வைசர், எச்.ஆர்.

செய்ய வேண்டியவை: 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, காண்ட்ராக்ட் தொழிலாளர் உட்பட, விதிப்படி சந்தா நாட்கள் நிறைந்திருந்தால் அந்தப் பலன் இ.எஸ்.ஐ. வழியாகக் கிடைக்கும். இதை அவள் கேட்கும் முன்பே, அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுங்கள். பிரசவ வகுப்பை ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே நடத்துங்கள். பாரிசில் ஃபெர்னாண்ட் லாமாஸ் என்ற மருத்துவர் 1950களின் தொடக்கத்தில் தம் புகழ்பெற்ற பிரசவப் பயிற்சியை ஆரம்பித்த இடம், உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனை. காரும் செல்போனும் செய்யும் இந்த வட்டாரத்தின் தொழிற்சங்கங்களாலும் நிர்வாகங்களாலும் அதைச் செய்ய முடியும்.

செய்யக்கூடாதவை: கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது; விடுப்புக் காலத்தில் நீக்குவது சட்டவிரோதம். ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஆலையை நடத்தும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவானாலும், இப்படி ஒரு பேச்சு பரவிய ஊரில் கர்ப்பிணியின் பயத்தில் பாதி பிரசவத்தைப் பற்றியதாக இருக்காது. அதைப் போக்க மருத்துவரால் முடியாது, உங்களால்தான் முடியும்.

வகுப்பெடுக்கும் செவிலியர்

செய்ய வேண்டியவை: பொம்மையை வைத்துக் குழந்தை எப்படி இறங்கும் என்று காட்டுங்கள். சிசேரியனையும் மறைக்காமல் விளக்குங்கள். அண்மையில் பெற்ற ஒரு பெண்ணை அழைத்துப் பேச வையுங்கள். ஒடிய மொழியோ இந்தியோ பேசுபவர்களுக்கு அதே மொழி தெரிந்த தோழி ஒருத்தியை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, புரிந்ததா என்று பாருங்கள்.

செய்யக்கூடாதவை: “வலியே தெரியாது” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. முதல் வலியிலேயே அந்த நம்பிக்கை உடைந்துவிடும். சொல்லாமல் உள்பரிசோதனை செய்யக் கூடாது. லேபர் வார்டில் அதட்டக் கூடாது. ஆறு வகுப்பில் கட்டிய தைரியத்தை ஓர் அதட்டல் கலைத்துவிடும்.

பிறந்த பிறகும் ஒரு வகுப்பு

முதலில் சொன்ன ஹெல்சிங்கி ஆய்வில் ஏழாவதாக ஒரு வகுப்பு இருந்தது. அது பிரசவத்துக்குப் பிறகு நடந்தது. இங்கே அதற்குத் தனி அறைகூட வேண்டாம். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும் நாளே போதும். குழந்தையின் எடை, தாய்ப்பால், தடுப்பூசி எல்லாம் கேட்டு முடித்ததும், தாயைப் பார்த்து “உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அடுத்த குழந்தையைப் பற்றிய பயம் வளர்வதும் தேய்வதும் அந்தப் பேச்சைப் பொறுத்தது.