அடுப்பின் தலையில் கட்டிய பொறுப்பு

அன்புள்ள வாசகருக்கு,

கறியை நன்றாக வேகவைத்தால் கிருமியெல்லாம் செத்துப்போகுமே, பிறகு ஏன் பண்ணையையும் இறைச்சிக்கூடத்தையும் குறை சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். செத்துப்போகும், உண்மைதான். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

1993 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இரத்தக் கழிச்சலோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா, ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களின் பர்கரில் இருந்த மாட்டுக் கொத்துக்கறி வழியாக வந்திருந்தது. 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். கறியின் நடுப்பகுதி 68 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும் என்பது சியாட்டில் அடங்கிய வாஷிங்டன் மாநிலத்தின் அப்போதைய விதி. உணவகம் அதைக் கடைப்பிடிக்கவில்லை. தவறுதான். இருந்தாலும் இந்தக் கதை அடுப்பில் தொடங்கவில்லை.

இந்தக் கிருமி குடியிருப்பது மாட்டின் குடலில். அதன் நஞ்சு பற்றிக்கொள்ள நம் சிறுநீரக நாளங்களில் இடம் உண்டு. மாட்டின் நாளங்களில் இல்லை. அதனால் மாடு கொழுகொழுவென்று நிற்கும். பார்த்தும் முகர்ந்தும் சோதிக்கிற ஆய்வாளருக்கு ஒன்றும் தெரியாது. தோலில் அப்பியிருக்கும் சாணம், தோலுரிக்கும்போது கறியில் படும். முழுத்துண்டு என்றால் கிருமி மேலோடு நிற்கும், சூடு பட்டதும் சாகும். அரைத்துவிட்டாலோ மேலே இருந்தது நடுவுக்குப் போய்விடும். ஆலையில் பல மாடுகளின் கறி சேர்ந்தே அரைபடும். ஒன்றில் பட்ட சாணம் எல்லாவற்றிலும் கலந்துவிடும். நூற்றுக்கும் குறைவான கிருமிகளே நோய்வரப் போதுமானவை.

இறந்த குழந்தைகளில் அந்தப் பர்கரைச் சாப்பிடாத குழந்தையும் உண்டு. பகல்நேரக் காப்பகத்தில் நோயுற்ற இன்னொரு குழந்தையிடமிருந்து தொற்றியது. அந்தப் பெற்றோரிடம் போய் 'நன்றாக வேகவைத்திருக்கலாமே' என்று யாரால் சொல்ல முடியும்?

1974-ல் ஓர் அமெரிக்க நீதிமன்றம், இறைச்சியில் சால்மொனெல்லா என்ற கிருமி இருப்பது கலப்படம் ஆகாது, இல்லத்தரசிகளுக்குச் சமைக்கத் தெரியும் என்ற கருத்தில் தீர்ப்பளித்திருந்தது. இருபது ஆண்டுகள் அந்த நியாயமே ஓடியது. 1994-ல்தான் வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் மைக்கேல் டெய்லர், ஓ157 உள்ள கொத்துக்கறி விற்கத் தகாத கலப்படப் பொருள் என்று அறிவித்தார். தொழில்துறையினர் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். உரித்த உடலை நீராவியாலும் அமிலக் கரைசலாலும் கழுவுவதும், கறியை ஆய்வகத்தில் சோதிப்பதும் அதன் பிறகே பரவலாயின. வெந்நீரும் நீராவியும் 1994-ல் கண்டுபிடித்தவையா என்ன? குழந்தைகள் சாகும்வரை காத்திருந்தார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

வீட்டில் நீங்கள் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சைக் கறி தொட்ட கையையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவத்தான் வேண்டும். அது உங்கள் பங்கு. சாணம் படாத கறியைக் கடைக்கு அனுப்புவது இறைச்சிக்கூடத்தார் பங்கு. அதை ஏன் உங்கள் கணக்கில் எழுத விடுகிறீர்கள்?

அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. பச்சைக் கோழிக்கறியில் சால்மொனெல்லாவுக்கு வரம்பு கட்டும் ஒரு திட்டத்தை அமெரிக்க அரசு 2024-ல் முன்வைத்தது. 2025 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.