பிடோங் தீவுக்குப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

பவள ஆய்வுக்காக நம் மலேசியாவின் பிடோங் தீவுக்குப் போன இடத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வியட்நாமியர் சிலர் புதர் மண்டிய கல்லறைகளில் ஊதுபத்தி ஏற்றி அழுததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். அவர்களைப் பற்றிக் குறும்படம் எடுக்க ஆசை என்கிறாய். அதே கடிதத்தில், "ஐம்பது வருசத்துக்கு முந்திய சண்டை, இன்னும் எதற்குச் சித்தப்பா?" என்றும் கேட்கிறாய். படத்தை எடும்மா. எடுக்குமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்.

1975 ஏப்ரல் 30 அன்று தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது, போர் முடிந்தது. ஆனால் அகதிகளை ஏற்றிய படகுகள் பெருகியது மூன்று வருடம் கழித்துத்தான். வென்றவர்கள், தோற்ற தெற்கு ராணுவத்தின் அதிகாரிகளை ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவோடு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவர்களில் பலர் 'மறுகல்வி' முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டார்கள். 1978 மார்ச்சில் தனியார் வியாபாரத்தை முடக்கியபோது சைகோனின் சோலோன் பகுதிச் சீனர்களின் கடைகள் ஒரே வீச்சில் போயின. குடும்பங்களைக் காட்டை அழித்து உழச் சொல்லி அனுப்பினார்கள். கம்போடியாவோடும் சீனாவோடும் மூண்ட சண்டைகளுக்குப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். தப்ப நினைத்தவர்கள் இருந்த தங்கத்தைக் கொடுத்து மீன்பிடிப் படகில் இடம் வாங்கினார்கள். 1979 ஜூன் மாதம் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் சுற்றுவட்டாரக் கரைகளில் வந்து சேர்ந்தார்கள். சேராதவர்களை எண்ண ஆளில்லை.

உன் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் இருக்கும் அந்தத் தீவின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். 1978 ஆகஸ்டில் முகாம் திறந்தார்கள். மறு ஜூனில் அங்கே 40,000 பேர். உடைந்த படகுப் பலகை, காட்டு மரம், பிளாஸ்டிக் விரிப்பு இவற்றாலேயே இரண்டு மூன்று அடுக்கு வீடுகள் எழுப்பினார்கள். குடிதண்ணீர் கரையிலிருந்து கப்பலில் வந்தது. வந்த ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண். ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்லித்தான் கடிதம் வந்ததையும், எந்த நாடு யாரை ஏற்றது என்பதையும் அறிவிப்பார்கள். யாராவது விடைபெற்றுத் துறைக்கு நடக்கும்போது ட்ரின் கோங் சோன் எழுதிய 'பியென் ஞோ' பாட்டைப் போடுவார்களாம். அகதிகளுக்காக எழுதிய பாட்டில்லை, அவர்கள் கிளம்புவதற்குப் பல ஆண்டு முந்தியது. எழுதியவரோ நாட்டைவிட்டுப் போகவே இல்லை. 1991-இல் முகாம் மூடும்வரை ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் அந்தத் துறையில் ஏறி இறங்கினார்கள்.

இனி நான் சொல்லப்போவதை உன் படத்தில் விட்டுவிடாதே. அவர்களுக்குச் சோறும் மருந்தும் கொடுத்தது நம் செம்பிறைச் சங்கம். படகுகளைக் கயிறு கட்டித் திரும்பக் கடலுக்கு இழுத்துவிட்டதும் நம் கடற்படைதான். 1979-இன் முதல் பாதியில் மட்டும் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். அதற்கு முந்திய நவம்பரில் திரங்கானு ஆற்று முகத்துவாரத்தில் கரையேற விடாத ஒரு படகு கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள். நீ தினமும் பஸ்ஸில் கடக்கும் ஆறு அது. அன்று இங்கே இருந்த பயத்தையும் சொல்: 1969 மலாய்-சீனக் கலவரம் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது, வந்தவர்களில் பலர் சீனர்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. இழுத்துவிட்டதற்கு அது நியாயம் ஆகாது என்றே நான் நினைக்கிறேன். 1979 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஏற்கிறோம் என்று சொன்ன பிறகுதான் இந்தக் கரைகள் இளகின.

எதற்கு என்று கேட்டாயே. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன நம் தோட்டத்து ஆட்களை நினைத்துப் பார். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் வெட்டிய கல் வரிசை வரிசையாக இருக்கிறது. நம்மவர் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை. உன் பாட்டியின் அண்ணனும் அதில் ஒருவர். பெயர் இல்லாமல் போவது எப்படி என்று நம் வீட்டுக்குத் தெரியும்.

பிடோங்கிலும், இன்னொரு அகதி முகாம் இருந்த இந்தோனேசியாவின் கலாங் தீவிலும் 2005-இல் பழைய அகதிகள் நினைவுக்கல் வைத்தார்கள். கடலில் செத்தவர்களுக்கு அஞ்சலி, அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு நன்றி, அவ்வளவே அதில். ஹனோய் அரசு ஆட்சேபித்தது, அதே ஆண்டில் இரண்டையும் அகற்றினார்கள். நன்றி சொன்ன கல்லையும் நாம் காப்பாற்றவில்லை.

ஒரு தரப்புப் படமாகவும் எடுத்துவிடாதே. அதே ஏப்ரல் 30 வியட்நாமில் விழா நாள், வெளியே போனவர்களுக்குக் கறுப்பு ஏப்ரல். வியட்நாம் அரசே 1995-இல் வெளியிட்ட கணக்கில் பொதுமக்கள் மட்டும் இருபது லட்சம் பேர் செத்திருக்கிறார்கள். வடக்கில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அழுதவள்தான்.

பேட்டி எடுக்கும்போது படகுகளைத் தாக்கிய கடற்கொள்ளையரைப் பற்றி நீயாகக் கேட்காதே, பெண்களிடம் கேட்கவே கேட்காதே. அவர்களே சொன்னால் கேமராவை அணைக்கவா என்று கேள். படகு எண் என்ன, கையில் என்ன எடுத்து வந்தீர்கள், யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று தொடங்கு. எண்ணைப் பெரும்பாலோர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பெயர் போட வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்காதே, வியட்நாமில் இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கலாம். வெட்டி ஒட்டியதை முதலில் அவர்களுக்கு அனுப்பு, பிறகு எனக்கு. நவம்பருக்கு மேல் மழைக்காலத்தில் படகு போகாது. வேலையை அதற்குள் முடித்துக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா