ஒரு நாளைக்கு ஒரு திசை

கோயம்புத்தூர்

அன்புள்ள கயல்,

பரீட்சை முடிந்ததும் தோழிகள் மூன்று பேரோடு சிக்னாகிக்குப் போகிறாய், மூன்று நாளுக்குத் திட்டம் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீயே எழுதிய பட்டியலையும் பார்த்தேன். பதினோரு ஒயின் பண்ணை, நான்கு மடாலயம், போதாததற்கு தாவித் கரேஜாவின் பொட்டல்வெளி. அம்மிணி, இதைப் பார்த்தால் சுற்றுலா மாதிரித் தெரியவில்லை, உங்கள் ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸ் மாதிரி இருக்கிறது.

குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. உன்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த வருஷம், திபிலிசியிலிருந்து ஒரே நாளில் ஜார்ஜியாவின் ஒயின் வட்டாரமான காக்கேத்தி முழுவதையும் காட்டிவிடுவதாகச் சொன்ன ஒரு வேனில் நானும் ஏறினேன். நான்கு இடத்தில் ஒயின் கொடுத்தார்கள். மூன்றாவது இடத்தில் சாச்சாவும் கொடுத்தார்கள். யாரோ உறவுக்காரர் பெயர் போலக் கேட்கும். திராட்சைச் சக்கையைக் காய்ச்சி வடிக்கிற சாராயம் அது. நான்காவது இடத்தில் என்ன குடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிக்னாகி போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மதிலையும் பார்க்கவில்லை, பள்ளத்தாக்கையும் பார்க்கவில்லை. உன் அப்பாவிடம் இதுவரை சொல்லாத கதை, நீயும் சொல்லாதே.

அடுத்த தடவை தனியாகப் போய் மூன்று ராத்திரி தங்கினேன். அப்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு திசை, அந்தத் திசையில் இரண்டு ஒயின் நிலவறைக்கு மேல் இல்லை. காரணம் தூரம் இல்லை. காக்கேத்தியில் சின்ன நிலவறை வைத்திருப்பவர் கடைக்காரர் மாதிரி நடந்துகொள்ள மாட்டார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து உட்காரச் சொல்வார். பாதியில் எழுந்தால் முகம் வாடிப்போகும். அந்த மேஜைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்காமல் போட்ட திட்டம் எதுவும் நிற்காது.

முதல் நாள் ஊரைவிட்டு எங்கும் போகாதே. திபிலிசியில் சாம்கோரி மெட்ரோ பக்கம் கிளம்பும் மார்ஷ்ருட்கா வேனில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நேரத்தை முந்தின நாளே விசாரித்து வை. தங்குவதற்கு வீட்டோடு சேர்ந்த அறையாகப் பார், பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி இருக்க வேண்டும். சிக்னாகி என்ற பெயர் புகலிடம் என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். தாகெஸ்தான் பக்கமிருந்து மலையிறங்கி வந்த கொள்ளைக் கூட்டங்களுக்குப் பயந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே அரசர் எழுப்பிய மதில் இது. மொத்தம் 23 கோபுரங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெயர்களைக் கோபுரங்களுக்கு வைத்திருக்கிறார்கள். ஆபத்து வந்தால் அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து ஒதுங்கிய இடங்கள். மதில்மேல் ஏறி நின்றால் கீழே அலஸானி பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் காக்கசஸ். பனிமலை காலையில்தான் தெளிவாகத் தெரியும். மத்தியானத்துக்குள் புகைமூட்டம் மூடிவிடும். பகலில் வேன்கள் வந்து போகும். அவை கிளம்பிய பிறகு சாயங்காலம்தான் அந்த ஊர் தன் நிலைக்குத் திரும்புகிறது. அங்கே தங்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஊர் அருங்காட்சியகத்தில் நிகோ பிரோஸ்மானியின் ஓவியங்கள் இருக்கின்றன. பக்கத்து மிர்ஸானி கிராமத்துப் பிள்ளை. திபிலிசி சாராயக் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிக் கொடுத்துச் சாப்பிட்டவர், 1918இல் வறுமையில் இறந்தார். கறுப்பு எண்ணெய்த் துணியில் அவர் வரைந்த விருந்துகளை நிதானமாகப் பார். மறுநாள் நீங்கள் உட்காரப்போகும் மேஜை அதேதான்.

மத்தியானத்துக்கு மேல் போட்பே மடாலயத்துக்கு நடந்தே போகலாம், இரண்டு கிலோமீட்டர்தான். துப்பட்டா எடுத்துக்கொள். தலையை மூட வேண்டும், ஜீன்ஸ் போட்டிருந்தால் இடுப்பைச் சுற்றியும் ஒன்று கட்ட வேண்டும். நான்காம் நூற்றாண்டில் ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோவின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் கையில் வைத்திருந்த சிலுவை திராட்சைக் கொடியால் ஆனது, தன் கூந்தலை அறுத்து அதைக் கட்டினார் என்பது ஐதீகம். அதனால்தான் அந்த நாட்டுச் சிலுவையின் கைகள் இரண்டும் சற்றுத் தொங்கியிருக்கும். இதைப் பார்த்துவிட்டு நிலவறைக்குப் போனால், ஒயினைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரல் ஏன் மாறுகிறது என்று விளங்கும்.

இனி நிலவறை. அவர்கள் அதை மாரனி என்பார்கள். உள்ளே போனதும் ஏமாற்றமாக இருக்கும். தரையில் வட்ட வட்டமான வாய்கள் மட்டும் தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு க்வெவ்ரி புதைந்திருக்கிறது. கழுத்துவரை மண்ணில் இறக்கிய முட்டை வடிவ மண்சாடி. நம் முதுமக்கள் தாழி ஞாபகம் எனக்கு வந்தது. அது இறந்தவரைக் காத்தது, இது திராட்சையைக் காக்கிறது. உள்பக்கம் தேன்மெழுகு பூசுவார்கள். நசுக்கிய திராட்சையைச் சாறு, தோல், விதை, சில இடங்களில் காம்போடும் சேர்த்து ஊற்றி, நொதிக்கும்போது தினமும் பலமுறை கிளறி, பிறகு மூடி மண் பூசிவிடுவார்கள். ஐந்தாறு மாதம் கழித்து வசந்தத்தில் திறப்பு. வெளியே பனியோ வெயிலோ, மண்ணுக்கடியில் சூடு அதிகம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் ஏறக்குறைய 8000 வருஷத்துக்கு முந்தைய ஒயின் எச்சம் கிடைத்ததாக 2017இல் ஆய்வு வெளியானது. அலுமினிய நாற்காலி போட்ட பெரிய தொழிற்சாலையில் இருபது நிமிஷம் நின்றுவிட்டு வருவதைவிட, நாலு க்வெவ்ரி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்குப் போ என்று நான் சொல்வது இதனால்தான்.

சுவையைப் பற்றி ஒன்று. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைப்பதால் ஒயின் தேயிலை நிறத்தில் இறங்கும். வாயில் வைத்ததும் நாக்கு இழுத்துப் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு, கெட்டுப்போயிருக்கிறதோ என்று முகம் சுளிக்கிற வெளிநாட்டுக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். உனக்கு அந்தச் சிரமம் இல்லை. பாக்கும் நெல்லிக்காயும் வாழைப்பூவும் தின்ற வாய்க்கு அது துவர்ப்பு, அறுசுவையில் ஒன்று, அவ்வளவுதான். அந்த வெள்ளை வகையின் பெயர் ர்க்காத்சிதேலி, செந்தண்டு என்று பொருள். சிவப்பில் சாப்பெராவி. சாயம் என்று அர்த்தம், தோல் மட்டுமில்லாமல் சதையும் சிவந்திருக்கும் அபூர்வ வகை. வெள்ளைச் சட்டை வேண்டாம்.

ஒரு மிடறு போதும், மீதியை ஊற்றப் பாத்திரம் கேட்டால் தருவார்கள். வெட்கப்படாதே. வெறும் வயிற்றோடு உட்காராதே. உங்களில் குடிக்காத பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். அவளை வீட்டிலேயே விட்டுவிட்டு வர நினைக்காதே. விருந்தை நடத்துகிறவருக்குத் தமாதா என்று பெயர். அவர் ஒவ்வொரு முறையும் எழுந்து இறந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, சமாதானத்துக்கு என்று வாழ்த்துச் சொன்ன பிறகுதான் கோப்பையைத் தொட வேண்டும். பச்சை நிறத் தார்ஹூனா லெமனேடை ஏந்திக்கொண்டு அவளும் "கௌமர்ஜோஸ்" சொல்லலாம். சைவம் சாப்பிடுகிறவளுக்கு ஒரு சொல் கற்றுக்கொடு: சமர்ஹ்வோ. விரத நாட்களில் இறைச்சியும் பாலும் சேர்க்காமல் சமைக்கிற சாப்பாடு அது, கேட்டால் புரிந்துகொள்வார்கள். அக்ரோட் அரைத்துத் தடவிய கத்தரிக்காயும் மண்சட்டி லோபியோவும் கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம். லோபியோவும் பீன்ஸ்தான், ஆனால் அம்மா சமைப்பது மாதிரி இருக்காது.

இரண்டாம் நாள் தெலாவித் திசை. நான்கு பேர் சேர்ந்து உள்ளூர்க் காரை நாள் வாடகைக்குப் பேசு. எங்கெங்கே, எத்தனை மணி வரை, காத்திருப்பதும் சேர்த்தா என்பதைக் கிளம்பும் முன் பேசி முடித்துவிடு. விருந்து கொடுப்பவர் ஓட்டுநருக்கும் ஒரு கோப்பை நீட்டுவார், மரியாதைக்காக அவரும் கையை நீட்டுவார். அந்த இடத்தில் நீ மரியாதை பார்க்காதே. வழியில் தோனே அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடும் படகு வடிவ ரொட்டியை வாங்கிக்கொள், சூடு ஆறுமுன் தின்ன வேண்டும். பிறகு சினந்தாலி. கவிஞர் அலெக்சாந்தர் சாவ்சாவாட்சேயின் மாளிகை, ஐரோப்பிய முறையில் ஒயினைப் பாட்டிலில் அடைக்கும் வழக்கத்தை அங்கே தொடங்கியவர் அவர். 1854இல் தாகெஸ்தான் தலைவர் ஷமீலின் ஆட்கள் இதே வீட்டில் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் தூக்கிப்போனார்கள். ரஷ்யர்களிடமிருந்த ஷமீலின் மகனைத் திருப்பிக் கொடுத்துத்தான் மறுவருஷம் மீட்க முடிந்தது. சிக்னாகி மதிலை எதற்குக் கட்டினார்கள் என்பது அங்கே நிற்கும்போது இன்னொரு முறை புரியும். தெலாவிக்குப் பக்கத்தில் வார்திசுபானி என்ற ஊரில் க்வெவ்ரி வனையும் குயவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிலவறையைக் குறைத்துக்கொண்டாவது அங்கே போ. பெரிய சாடியைச் சக்கரத்தில் வைக்க முடியாது. மண்திரியைச் சுற்றிச் சுற்றி வைத்து, காயவிட்டு, மறுநாள் சில விரற்கடை உயர்த்துவார்கள். நேரம் மிஞ்சினால் மட்டும் அலாவெர்தி. பதினோராம் நூற்றாண்டுப் பேராலயம், அங்கே துறவிகள் இன்றும் ஒயின் செய்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஆற்றைத் தாண்டி ஒன்றைத் தேர்ந்தெடு. கிரெமியும் க்வாரெலியும் என்றால் 1565இல் கட்டிய செங்கல் கோவிலும், சோவியத் காலத்தில் மலையைக் குடைந்த குளுகுளு ஒயின் சுரங்கமும். லகோதேஹி என்றால் காடும் அருவியும், ஒயின் கிடையாது. எனக்கு லகோதேஹி பிடிக்கும், இரண்டு நாள் மேஜைக்குப் பிறகு கால் நடக்கக் கேட்கும். தாவித் கரேஜாவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். வழியும் வேறு, வெயிலும் வேறு. திபிலிசியிலிருந்து தனியாக ஒரு நாள் போய்க்கொள்.

செப்டம்பர் கடைசியில் ர்த்வேலி அறுவடை நடக்கும், அப்போது இன்னொரு தடவை போவாய், தெரியும். அதற்கு அறையை ஆகஸ்டிலேயே பிடி.

ஊருக்கு வரும்போது எனக்கு ஒயின் வேண்டாம். மெழுகுவர்த்தி மாதிரி நூலில் தொங்குமே, திராட்சைச் சாற்றில் முக்கிய சுர்ச்கெலா, அதில் மூன்று கொண்டு வா. அக்ரோட் கோத்ததாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அத்தை